பாதியில் விட்ட புத்தகங்களை என்ன செய்கிறீர்கள்?

பழையபக்கம்:

நேராகவே கேட்டுவிடுகிறேன். படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்பது புத்தகங்கள் கிடக்கின்றன. ஒன்பதிலும் நடுவில் ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றில் பழைய ரசீது, ஒன்றில் மாத்திரை அட்டையின் கிழிந்த மூலை, இன்னொன்றில் பென்சிலையே உள்ளே வைத்து மூடியதில் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்துவிட்டது. சின்ன வயதில் விளக்கை அணைக்கச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டே படித்தவன் நான். இப்போது பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கை தானாகப் போனைத் தேடுகிறது. கண் வரிமேல் ஓடுகிறது, மனம் வேறெங்கோ நிற்கிறது, ஒரே பத்தியை மூன்றாவது தடவை படிக்கும்போது வெறுத்துப்போய் மூடிவைத்துவிடுகிறேன். இப்படியே நாலு வருஷம் போய்விட்டது.

போன மாதம் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எடுத்தேன். கல்லூரி நாட்களில் மேலோட்டமாகப் புரட்டியதுதான். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர் என்பதால் அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, மொத்தம் 122. தினம் ஒன்று, காலையில், போனைத் தொடுவதற்கு முன்னால் என்று வைத்துக்கொண்டேன். 31 முடிந்திருக்கிறது. ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. ஏன் இது மட்டும் நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கப்போகிற வாசகரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு மனிதர் வருகிறார், ஒரு காரியம் நடக்கிறது, அன்றைக்கு அது போதும்.

அந்தப் புத்தகமும் பாதியில் நின்றதுதான் என்பது இப்போதுதான் உறைத்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார், கதை 1899 அளவில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த நாற்பது வருஷங்களை அவர் வாயால் கேட்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சரி, கேள்வி இரண்டு. பாதியில் விட்டதை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாசிப்பு விட்டுப்போன பிறகு உங்களைத் திரும்ப இழுத்து வந்தது எந்தப் புத்தகம்?

நத்தைவேகம்:

பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மனது உறுத்தவே வேண்டாம். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியல் போட்டார். முதல் உரிமை படிக்காமலே இருப்பது, இரண்டாவது பக்கங்களைத் தாண்டிப் போவது, மூன்றாவது முடிக்காமல் விடுவது, நாலாவது திரும்பப் படிப்பது. அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர், புத்தகம் என்றாலே பிள்ளைகள் மிரண்டு ஓடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்த மூன்றாவது உரிமையைப் படித்த அன்றைக்கு எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, உண்மையாகவே.

நான் ஐம்பது பக்கம் கொடுப்பேன். அதற்குள் அந்த ஆட்களில் ஒருவராவது இரவு தூங்கப்போகும்போது நினைவுக்கு வர வேண்டும். வரவில்லையா, மூடிவிடுவேன். இன்னொன்றும் செய்வேன். விட்ட புத்தகத்தைக் கண்ணெதிரே வைத்திருக்க மாட்டேன். அது கடன்காரன் மாதிரி வாசலில் நின்றுகொண்டே இருக்கும், அதைப் பார்த்துப் பார்த்தே வேறு புத்தகத்தையும் தொட மனம் வராது. உங்கள் ஒன்பதில் எட்டைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள்.

என்னைத் திரும்ப இழுத்தது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. சின்ன நாவல்தான், 1977-இல் வந்தது. மீன்பிடிக்கிற ஒரு கடற்கரை ஊர், வீட்டையும் வல்லம் என்கிற மீன்பிடிப் படகையும் விற்க மனமில்லாத குரூஸ் மிக்கேல், அவர் மகள் பிலோமி. சண்டை கொலை வரைக்கும் போகிற ஊர்தான், ஆனால் அதில் ஒருத்தரையும் நம்மால் வெறுக்க முடியாது. படித்து முடித்து இரண்டு நாள் யாரிடமும் கோபமாகப் பேச வரவில்லை எனக்கு.

கருவேலம்:

நத்தைவேகம், இதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் ஐம்பது பக்கக் கணக்கை நானும் வைத்திருந்தால், தமிழில் எனக்கு மிகவும் பிடித்த நாவலை இழந்திருப்பேன்.

ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் விட்டேன். முதல் தடவை அந்த ஊர்ப் பெயர்களும் மலாய்ச் சொற்களும் முகத்தில் அடித்தன. இரண்டாவது தடவை, யார் பேசுகிறார்கள், எந்த ஊரை நினைத்துப் பேசுகிறார்கள் என்று பிடி கிடைக்கவில்லை. இந்தோனேசியாவின் மெடான் நகரத் தெருவில் நடந்துகொண்டே இருக்கும்போது நாயகன் பாண்டியன் மனதில் சொந்த ஊர்த் தெரு வந்துவிடும், நாம் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. மூன்றாவது தடவை பாதி தாண்டியும் விட்டேன். நாலாவது தடவை அப்பா மருத்துவமனையில் இருந்தார், இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியிருந்தது, கையில் இருந்தது அது ஒன்றுதான். பினாங்குக்குப் போகிற தொங்கான், அதாவது பாய்மரக் கப்பல், புயலில் மாட்டுகிற இடம் வந்தது. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். வாக்கியங்களே எழும்பி எழும்பி விழுகின்றன, வினைச்சொல்லுக்குக்கூடக் காத்திராமல் உடைகின்றன. கண்ணால் மட்டும் படித்ததுதான் முதல் மூன்று தடவையும் நான் செய்த தப்பு என்று அப்போது புரிந்தது. அது காதால் படிக்க வேண்டிய புத்தகம்.

அந்த மனிதர் எழுதியது மொத்தம் இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' 1959-இல் வந்தது, இது 1972-இல். தமிழன் கடல் தாண்டிப் பிழைக்கப் போன கதையை, இரண்டாம் உலகப்போர் நடுவில் நின்று, தமிழ்ப் பெருமை பேசுவதையும் கேள்வி கேட்டுக்கொண்டே இப்படி எழுதிய இன்னொரு நாவலை நான் பார்க்கவில்லை. இதைப் போய் ஐம்பதாவது பக்கத்தில் விட்டுவிடலாமா?

நத்தைவேகம்:

நீங்களும் மூன்று தடவை விட்டீர்கள்தானே கருவேலம்? விட்டதால்தான் நாலாவது தடவை புதிதாக எடுக்க முடிந்தது. முதல் தடவையே பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருந்தால் "படித்துவிட்டேன், ஒன்றும் புரியவில்லை" என்று அதோடு போயிருக்கும். நாம் இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறோம் என்று நினைக்கிறேன்.

கருவேலம்:

இல்லை. நீங்கள் கண்ணுக்கு மறைவாக வைக்கச் சொல்கிறீர்கள். என் புத்தகம் மூன்று தடவையும் மேஜைமேலேயே இருந்தது. அதனால்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் கையில் அகப்பட்டது.

மின்மினி:

நீங்கள் எல்லோரும் மனம் ஒட்டவில்லை என்று சொல்கிறீர்கள். எனக்கு மனம் இருக்கிறது, நேரம் இல்லை. வேலை முடிந்து வந்து, இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்து, நான் உட்காரும்போது கண் சொருகும். ஒரு நாவலை இரண்டு மாதமாகப் படித்தேன் என்றால் நம்புவீர்களா? நடுவில் வந்த ஆட்களின் பெயரே மறந்து திரும்பப் பின்னால் புரட்டுவேன். அதனால் நாவலையே கொஞ்ச காலம் நிறுத்திவிட்டுச் சிறுகதைக்கு வந்துவிட்டேன். இருபது நிமிஷத்தில் ஒரு முழு உலகம் கிடைக்கிறது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' படித்த இரவு தூக்கம் போய்விட்டது. சாகக் கிடக்கும் மனைவிக்குப் பக்கத்தில் இருந்து பிரமநாயகம் பிள்ளை செய்கிற ஒவ்வொரு சின்ன வேலையும் அப்படியே கண்ணில் நிற்கிறது. அவர் ஓ என்று அழவில்லை. வெந்நீர் வைப்பதும் ஒத்தடம் கொடுப்பதுமாக வேலை செய்துகொண்டே இருக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. புதுமைப்பித்தன் இறந்தது 1948-இல், வயது 42. இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அப்புறம் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. அந்தக் கதையைப் படிக்கும்போது ஒரு வரிக்குக் கீழே கோடு போட ஆரம்பித்து, பக்கம் முழுக்கக் கோடு போட்டுவிட்டேன். ஒரு பெண்ணுக்குத் தெரிந்த உலகமே அந்த ஓர் அறையின் அளவுக்குச் சுருங்கிப்போவதை யாரோ எனக்காகவே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பட்டது.

பழையபக்கம் சொன்ன "தினம் ஒன்று" எனக்கும் சரிவரும் என்று தோன்றுகிறது. ஆனால் காலையில் முடியாது. எங்கள் வீட்டில் காலை யாருக்கும் சொந்தமில்லை.

ஓரக்குறிப்பு:

பாதியில் விடுவது பற்றி எனக்கு ஒரு புத்தகம் பாடம் எடுத்தது, அதைச் சொல்ல வேண்டும்.

'ஆரோக்கிய நிகேதனம்' பழைய பிரதி ஒன்று கைக்கு வந்தது. வங்காளத்தில் தாராசங்கர் பந்த்யோபாத்யாய எழுதியது, தமிழில் த.நா.குமாரஸ்வாமி. நாடி பிடித்து, இந்த நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்லிவிடுகிற ஜீவன் மஷாய் என்ற வயதான வைத்தியரின் கதை. புது மருத்துவம் ஊருக்குள் வருகிறது, படித்த இளம் டாக்டர் வருகிறார், பழைய வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் சரி என்று ஆசிரியர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை, அதுதான் அந்தப் புத்தகத்தின் அழகு.

என் பிரதியை எனக்கு முன்னால் படித்தவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். அன்றன்றைக்குப் படித்து நிறுத்திய இடத்தில், பக்கத்தின் அடியில், ரொம்பச் சின்னதாகப் பென்சிலில் தேதி. பெயர் இல்லை, வேறு குறிப்பும் இல்லை. முதல் நாள் ஆறு பக்கம். அடுத்த நாள் நாலு. அதற்கடுத்த நாள் பதினொன்று. இப்படியே நூறு பக்கத்துக்கு மேல் போனது. அப்புறம் ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் நடுவில் எட்டு மாதம். அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவது நடந்ததா, அல்லது சும்மாவே பிடிக்காமல் வைத்துவிட்டாரா? எட்டு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தவர் முதலிலிருந்து தொடங்கவில்லை, விட்ட பக்கத்திலிருந்தே தொடங்கியிருக்கிறார். முதலில் பென்சில் கூர்மையாக இருந்தது, இப்போது மொட்டையாகக் கொஞ்சம் தடித்த எழுத்து. கடைசிப் பக்கத்திலும் தேதி இருந்தது.

அதைப் பார்த்த பிறகு "விட்ட புத்தகம்" என்ற சொல்லையே நான் சொல்வதில்லை. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, அவ்வளவுதான். நானும் இப்போது தேதி போடுகிறேன். புத்தகத்தில் எழுதக்கூடாது என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும், பென்சில்தான், பேனா இல்லை.

தூரத்துஇடி:

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லூரி முதல் வருஷம். எனக்குப் பிரச்சினை நேர் எதிர். நான் எதையும் விடுவதில்லை, முடித்துக்கொண்டே போகிறேன். போன வருஷம் 52 என்று இலக்கு வைத்து 61 புத்தகம் முடித்தேன். கணக்குப் பட்டியல் எல்லாம் வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு நண்பன் அந்தப் பட்டியலில் ஒரு பெயரைக் காட்டி "இது என்ன கதை?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அட்டையின் நிறம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒன்று இரண்டு என்றால் பரவாயில்லை, பட்டியலில் பாதிக்கு மேல் அப்படித்தான். நாலு நாளாக இது மனதை அரிக்கிறது.

இன்னொன்று, அந்த 61-இல் 14 ஒலிப்புத்தகங்கள், நடக்கும்போது கேட்டவை. அதையும் படித்ததாகக் கணக்கில் சேர்க்கலாமா?

கருவேலம்:

தம்பி, கேட்டதைக் கேட்டது என்று சொல்லுங்கள். படித்தது என்று சொல்ல வேண்டாம். படிக்கும்போது வேகம் நம் கையில் இருக்கிறது. ஒரு வரியில் நின்று, திரும்பி, யோசிக்கலாம். ஒலியில் யாரோ ஒருவர் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்.

மின்மினி:

கருவேலம் அண்ணா, மேலே நீங்கள்தானே சொன்னீர்கள், அது காதால் படிக்க வேண்டிய புத்தகம் என்று?

என் பெரியவனுக்கு எட்டு வயது. கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' பக்கங்களை இரவில் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன், எல்லாம் இல்லை, பிள்ளைக்குப் பொருந்தும் இடங்களை மட்டும். நான் தனியாகப் படித்தபோது அது எழுத்தாக இருந்தது. அவனுக்காகப் படித்தபோதுதான் அது ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து சொல்வது என்று தெரிந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அந்த வாக்கியங்களே சொல்லிவிடுகின்றன. சில சொற்களுக்கு அவன் அர்த்தம் கேட்பான், எனக்கும் தெரியாது. கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982-இல் ஓர் அகராதியே வெளியிட்டிருக்கிறார், அதைத் தேடி எடுத்துவைத்திருக்கிறேன். அவன் என்னிடம் கேட்கிறான், நான் அகராதியிடம் கேட்கிறேன்.

கேட்பது குறைந்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாசிப்பறை:

நான் நூலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழையபக்கத்துக்கு. 'என் சரித்திரம்' நின்ற இடத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை ஐயரவர்களின் மாணவர் கி.வா.ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். 122-ஐ முடித்த கையோடு அதை எடுங்கள். குரல் வேறுதான், ஆனால் அன்பு தெரியும்.

அடுத்தது அந்தத் தம்பிக்கு. அதே 'என் சரித்திரத்தில்' ஓர் அத்தியாயம் இருக்கிறது, பழையபக்கம் இன்னும் அங்கே வந்திருக்க மாட்டார். 1880. சாமிநாதையருக்கு 25 வயது, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்த வருஷம். சேலம் இராமசாமி முதலியார் அந்த ஊருக்கு முன்சீபாக மாறி வருகிறார், இவர் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதனாலெல்லாம் என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். இவர் படித்ததில்லை. அவ்வளவு பெரிய பட்டியல் வைத்திருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. முதலியாரிடமிருந்தே சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை வாங்கி, புரியாத இடங்களைக் கேட்க அந்த ஊர்ச் சமணர்களைத் தேடிப் போய், வேறு வேறு ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, 1887-இல் பதிப்பித்தார். ஒரே புத்தகம், ஏழு வருஷம். தம்பி, உங்கள் 61-ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்கள் வயதில் கண்டதையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து இந்த வருஷம் முழுக்க அதோடு இருந்து பாருங்கள்.

கேட்பதா படிப்பதா என்ற சண்டைக்கும் அந்தப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டுகளை வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். பாடம் கேட்டேன் என்றுதான் அந்தக் காலத்தவர்கள் சொன்னார்கள். கேட்டறிவதற்குக் 'கேள்வி' என்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார். மேற்கே நாலாம் நூற்றாண்டில் அம்புரோஸ் என்ற ஆயர் வாயசைக்காமல் கண்ணால் மட்டும் படிப்பதைப் பார்த்து அகஸ்டின் வியந்து எழுதிவைத்திருக்கிறார். மௌனமாகப் படிப்பது ஒரு காலத்தில் எழுதிவைக்கத் தக்க சங்கதியாக இருந்திருக்கிறது.

மூன்றாவது, எங்கள் துறைக்குத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வேலையில் இருந்தவரை தினமும் அதை நான் கண்ணால் பார்த்தேன். புத்தகத்தின் கடைசியில் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரை குத்தும் சீட்டு ஒட்டியிருப்போம். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' ஒரு பிரதி, உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல், பதினொரு வருஷம் ஒரு முத்திரைகூட விழாமல் அலமாரியில் நின்றது. ஒரு நாள் ஒரு பெண் எடுத்துப் போனார். திருப்பிக் கொடுக்கும்போது என் மேஜைக்கு எதிரில் நின்று கால்மணி நேரம் அதைப் பற்றிப் பேசினார், அந்த அம்மா நேரில் போய் அவர்களோடு பழகிப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்றார். அது உண்மை, ராஜம் கிருஷ்ணன் அப்படித்தான் எழுதினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்து ஐந்து முத்திரைகள் விழுந்தன. அந்தச் சீட்டை நான் எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

தூரத்துஇடி:

ஐயா, உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். நன்றி. இலக்கை அழித்துவிட்டேன். எந்தப் புத்தகத்தோடு இருப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

காகிதக்கப்பல்:

தாமதமாக வருகிறேன். என்னை வாசகியாக்கியது ஒரு கிழிந்த பைண்டு புத்தகம். 'பொன்னியின் செல்வன்' 1950-இலிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்ததல்லவா, அப்போதே வாராவாரம் அந்தத் தாள்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்துவைத்துத் தைத்து அட்டை போட்டது. மணியம் வரைந்த படங்கள் அதிலேயே இருக்கும். அத்தியாயம் முடிந்த இடத்தில் சம்பந்தமே இல்லாமல் ஒரு துணுக்கு இருக்கும், பின்பக்கத்தில் வேறு ஏதோ கட்டுரையின் கடைசிப் பாதி இருக்கும். அந்தப் பாதிக் கட்டுரைகளையும் விடாமல் படிப்பேன், தொடக்கம் தெரியாமலே.

அதில் ஒரு வாரத்துத் தாள் இல்லை. யாரோ எடுத்துவைக்க மறந்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் வந்தியத்தேவன் ஆபத்தில் மாட்டிக்கொண்டிருப்பான், பக்கத்தைத் திருப்பினால் தப்பித்துக் குதிரைமேல் போய்க்கொண்டிருப்பான். எப்படித் தப்பித்தான் என்று எனக்குப் பல வருஷம் தெரியாது. நானே நாலைந்து விதமாகக் கதை கட்டிவைத்திருந்தேன். பெரியவளான பிறகு முழுப் பதிப்பு கிடைத்ததும் முதல் வேலையாக அந்த அத்தியாயத்தைத்தான் தேடிப் படித்தேன். கல்கி எழுதியதைவிட நான் கட்டிவைத்திருந்ததில் ஒன்று எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

போனில் படிப்பது பற்றி யாரும் பேசவில்லையே. மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது, திருக்குறளில் ஆரம்பித்து எத்தனையோ பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். தேடி அலைந்தாலும் கிடைக்காத நூல்களை நான் அங்கேதான் படித்தேன். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது, எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

பழையபக்கம்:

காகிதக்கப்பல், போனில் நானும் முயற்சி செய்தேன். புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதே கண்ணாடிக்குள்தானே மற்ற எல்லாமும் இருக்கின்றன? மேலே ஒரு செய்தி வந்து எட்டிப்பார்த்தால் போதும், நான் போய்விடுவேன். மின்-மை (இ-இங்க்) திரை உள்ள வாசிப்புக் கருவி ஒன்று இரவல் வாங்கிப் பார்த்தேன், அது பரவாயில்லை. புத்தகத்தைத் தவிர வேறெதுவும் அதில் ஓடாது, திரை பளிச்சென்று கண்ணில் அடிக்கவும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது என் வயதுக்கு உதவி. ஆனாலும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று கை சொல்ல மாட்டேன் என்கிறது. காகிதப் புத்தகத்தில் இடது பக்கம் கனமாகிக்கொண்டே வருவதில் எனக்கு ஒரு தெம்பு.

ஓரக்குறிப்பு, அந்த எட்டு மாத இடைவெளியைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்து என் ஒன்பது புத்தகங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

நத்தைவேகம்:

எனக்கும்தான். கண்ணுக்கு மறைவாக வைக்கச் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பிடிக்காததை மறைத்துவையுங்கள், கடினமானதைக் கண்ணெதிரே வையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கருவேலம் சொன்னது கடினமானது.

கருவேலம்:

இப்போது ஒத்துக்கொள்கிறேன். மின்மினி கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை, அவர் சொன்னது சரிதான்.

ஒரு யோசனை. 'புயலிலே ஒரு தோணி'யைச் சேர்ந்து படிக்கலாமா? அவசரம் இல்லை, நாளைக்குப் பத்துப் பக்கம். மாட்டிக்கொண்ட இடத்தை இங்கே எழுதுங்கள், தெரிந்தவர்கள் சொல்லட்டும். தூரத்துஇடி தம்பி, வருஷம் முழுக்கச் சேர்ந்திருக்க ஒரு புத்தகம் தேடினீர்களே, அதற்கும் இது தாங்கும்.

தூரத்துஇடி:

நான் வருகிறேன் அண்ணா.

மின்மினி:

பத்து முடியாது, ஐந்து. பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்கிறேன்.

தூரத்துஇடி:

இன்றோடு இரண்டு வாரம். நேற்று இரவு புயல் வந்தது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுத்தான் படித்தேன். ஓர் இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன், அப்போதுதான் கவனித்தேன், பத்துப் பக்கக் கணக்கை எப்போதோ தாண்டியிருக்கிறேன். இன்று காலை அதே பக்கங்களைத் திரும்பப் படித்தேன். என் 61-இல் எதையும் நான் திரும்பப் படித்ததே இல்லை.

பழையபக்கம்:

'என் சரித்திரம்' 47-ஆவது அத்தியாயம். ஒன்பதில் மூன்றை மனதார விட்டுவிட்டேன், அவை எனக்கானவை அல்ல, வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன். ஐந்து அலமாரிக்குப் போய்விட்டன. கையில் ஒன்றுதான். முதல் நாள் சொன்னேனே, பென்சில் வைத்து மூடியதில் பள்ளம் விழுந்த புத்தகம் என்று, அது 'புயலிலே ஒரு தோணி'தான். கருவேலம் முதலில் அந்தப் பெயரைச் சொன்னபோது சொல்லக் கூச்சமாக இருந்தது. முதலிலிருந்து தொடங்கவில்லை, பள்ளம் விழுந்த பக்கத்திலிருந்தே நேற்று தொடங்கினேன். படித்து நிறுத்திய இடத்தில், அடியில், அதே பென்சிலால் தேதி போட்டேன்.

ஓரக்குறிப்பு:

எந்தப் பக்கம்?

பழையபக்கம்:

பள்ளம் 83. தேதி 96.